கல்யாணத்தால் வந்த சொந்தம்: யாரை எப்படிக் கூப்பிடுவது?

கேள்வி: என் மனைவியின் அக்காவைக் கட்டியவரை 'மச்சான்' என்று கூப்பிட்டேன். மாமியார் வீட்டில் சிரித்துவிட்டார்கள். என்ன தவறு?

பதில்: அவர் உங்களுக்குச் சகலை. சகலபாடி என்றும் சொல்வார்கள். மச்சான் என்பது பெண் கொடுத்து எடுக்கும் முறை. சகலையோ அண்ணன் தம்பி முறை. முறையில் சந்தேகம் வந்தால் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், நான் எப்போதும் அதைத்தான் பார்ப்பேன். உங்கள் மகனுக்கு அவர் பெரியப்பா. அப்படியென்றால் உங்களுக்கு அண்ணன்தானே? 'அண்ணே' என்றே கூப்பிடலாம். மனைவியின் தம்பியை உங்கள் மகன் மாமா என்பான். அவர்தான் மச்சான் முறை.

கேள்வி: கணவரின் தம்பி மனைவி எனக்கு என்ன வேண்டும்?

பதில்: ஓரகத்தி. ஓர்ப்படி என்றும் உண்டு. ஆனால் நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, 'இவங்க என் ஓரகத்தி' என்று அடுத்தவரிடம் சொல்லத்தான் அந்தச் சொல்.

கேள்வி: அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மாமன் மகளைக் கட்டினால் மாமனே மாமனார். அத்தை மகனைக் கட்டினால் அத்தையே மாமியார். அந்த வழக்கம்தான் சொல்லில் தங்கியிருக்கிறது. இன்று முன்பின் தெரியாத வீட்டில் பெண் எடுத்தாலும் பெண்ணின் அப்பா 'மாமா' ஆகிவிடுகிறார். ஓர் ஆண் தன் அக்கா மகனை மருமகன் என்பதும் இதே கணக்குதான். அண்ணன் மகன் என்றால் மகன் முறை. அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை நூலில் தமிழ் முறையையும் சேர்த்தார். அமெரிக்காவில் வாழும் செனெகா பழங்குடியினரின் முறை இதோடு ஒத்திருந்ததுதான் அவரை வியக்க வைத்தது.

கேள்வி: நாத்தனார் என்னைவிட மூத்தவர். 'அண்ணி' என்று கூப்பிடச் சொல்கிறார்கள். அண்ணி அண்ணன் மனைவி அல்லவா?

பதில்: தயங்காமல் கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அண்ணன் மனைவியும் அத்தை, நாத்தனாரும் அத்தை. இரண்டும் ஒரே முறை. சில வீடுகளில் மதினி என்பார்கள்.

கேள்வி: மகளின் மாமனார்?

பதில்: சம்பந்தி. அவர் மனைவியும் சம்பந்திதான்.

கேள்வி: அக்கா கணவரின் தங்கையைக் கட்டிக்கொள்ள முறை உண்டா?

பதில்: தாராளமாக. அக்கா பிள்ளைக்கு நீங்கள் மாமா, அந்தப் பெண் அத்தை. மாமாவும் அத்தையும் கணவன் மனைவியாகும் முறைதானே! முதலில் அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.