67 வயது அம்மா மார்பகப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார், இந்த வயதில் அது தேவைதானா?

தேவைதான். அம்மா மறுக்கிறார் என்கிறீர்கள், ஆனால் யார் கேட்டீர்கள், எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. அப்பாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மகன் கேட்டிருந்தால், "எனக்கு ஒண்ணுமில்லப்பா"தான் பதிலாக வரும்.

என் பெரியம்மாவுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது, திருவண்ணாமலைப் பக்கம் கிராமம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் திண்ணையிலேயே பிரஷர் பார்த்துவிட்டுப் போவார். நல்ல பெண், அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் தெருவே பார்க்கும் திண்ணையில் வைத்து மார்பில் கட்டி இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். வலிக்கவில்லையாம், அதனால் விட்டுவிட்டாராம். வலிக்காவிட்டாலும் கட்டியை உடனே காட்ட வேண்டும், இதை யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் போன ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர் மட்டும் இருந்தார், பெரியம்மா படியிலேயே திரும்பிவிட்டார். அப்புறம் பெண் டாக்டர் வரும் நாளை போனில் கேட்டு வைத்துக்கொண்டு கூட்டிப்போனேன், ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாக இருக்கிறார்.

மார்பகப் பரிசோதனை என்றால் முதலில் கையால் தடவிப் பார்ப்பதுதான், அதில் என்ன தெரியும் என்று சிலர் வருவார்கள். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, டாக்டர் எழுதினால் எடுங்கள். ஆனால் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து 20 ஆண்டுகள் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இந்த முடிவு வெளிவருவதற்கு முன்பே, 2016இல் வந்த தேசிய வழிகாட்டுதல் இந்தப் பரிசோதனைக்கு 30 முதல் 65 வயது வரை என்று கோடு போட்டது. வயது ஏற ஏற இந்த நோய் வரும் வாய்ப்பும் ஏறும்போது 65இல் எதற்கு நிறுத்த வேண்டும்?

   

நீங்கள் மகன் என்றால் அம்மாவிடம் நீங்கள் பேச வேண்டாம். தங்கையோ மனைவியோ தனியாகப் பேசட்டும், பெண் டாக்டர் இருக்கும் நாள் பார்த்து அவர்களே கூடப் போகட்டும். சுகர் டெஸ்டுக்குப் போகும் அதே நாளில் இதையும் முடித்துவிட்டால் தனியாக ஒரு பயணம் மிச்சம்.