பழைய பொம்மைக் காரைப் பிரித்து ஹாட் ராட் கட்டலாமா, அப்படியே வைப்பதா?

கேள்வி: சந்தையில் பழைய மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் கொஞ்சம் கிடைத்தன, எல்லாம் பெயிண்ட் உரிந்தவை. பிரித்து ஹாட் ராட்டாக, அதாவது பழைய காரை வெட்டித் தாழ்த்தி வேகத்துக்காக மாற்றிய வடிவத்தில், புதுசாகக் கட்டலாமா?

முதலில் காரைத் திருப்பி அடித்தட்டைப் படியுங்கள். லெஸ்னி, இங்கிலாந்து என்று இருந்தால் அதில் ட்ரில் வைக்கவே வேண்டாம். லெஸ்னி லண்டன் கம்பெனி, மேட்ச்பாக்ஸ் வரிசையை 1953-ல் தொடங்கி 1982-ல் திவாலாகிவிட்டது. ஏதோ ஒரு தோட்டத்துத் துரை பங்களாவிலோ கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டிலோ ஒரு பிள்ளை உருட்டி உருட்டித் தேய்த்த பெயிண்ட் அது, அதை அழிக்க எனக்கு மனசு வராது. சேகரிப்பவர்களும் புதுப் பெயிண்ட் அடித்ததை விட உரிந்த ஒரிஜினலைத்தான் தேடுவார்கள். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும்.

ஹாட் வீல்ஸ் என்றால் சக்கரத்தையும் பாருங்கள். 1968-ல் முதல் 16 கார்கள் வந்ததிலிருந்து 1977 வரை டயர் ஓரமாகச் சிவப்புக் கோடு போட்டார்கள், கோடு இருந்தால் அதையும் தொடாதீர்கள். அடியில் உள்ள வருடத்தை வைத்து வயசு சொல்லும் வியாபாரியை நம்ப வேண்டாம். அது அந்த அச்சின் உரிமை வருடம், பல வருடம் கழித்துச் செய்த காரிலும் அதே வருடம்தான் இருக்கும்.

சரி, கட்ட எதை எடுப்பது? அடியில் 'மலேசியா' என்று இருப்பதை எடுங்கள். அவை பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் உள்ள, ஹாட் வீல்ஸ் கம்பெனியான மேட்டலின் தொழிற்சாலையில் செய்தவை, ஏராளமாக வந்தவை, பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தேடினால் பெட்டியில்லாமல் அடிபட்டது சில வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைத்துவிடும். கெடாவில் எங்கள் பாடாங் செராய் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள், என் சித்தி பிறைக்குத்தான் போனார். அதனால் எதை வெட்டினாலும் அடித்தட்டில் அந்த எழுத்தை மட்டும் நான் தேய்ப்பதில்லை.

பிரிப்பதில் அவசரம் கூடாது. அடித்தட்டை உடலோடு பிடித்திருக்கும் ரிவெட் பெரும்பாலும் இரண்டு இருக்கும். நடுவில் ஆணியால் சின்னக் குழி போட்டுவிட்டு, ரிவெட் தலை அளவுக்கு ஒரு ட்ரில் முனையை மாட்டி மெதுவாக இறக்குங்கள், வெள்ளையாகத் துருவல் வரும், கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் வளையமாகக் கழன்று முனையோடு சேர்ந்து சுற்றும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீதமுள்ள தண்டில் 1.6 மில்லிமீட்டர் துளை போட்டு எம்2 (2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கான) மரை வெட்டினால் ஸ்க்ரூ பிடிக்கும், எத்தனை தரம் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

பெயிண்ட் உரிக்கக் காஸ்டிக் சோடா வேண்டாம். உடல் துத்தநாகக் கலவை, அதில் அலுமினியமும் உண்டு, சோடா இரண்டையும் அரித்துக் கருப்பாக்கிவிடும். கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான் நல்லது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

நிறத்துக்கு என் விருப்பம், உலோகத்தைப் பளபளவென்று பாலிஷ் செய்து அதன்மேல் ஒளி ஊடுருவும் வார்னிஷ் நிறம். 1968 கார்களின் மினுமினுப்பு அப்படி வந்ததுதான். சாதாரண நிறம் என்றால் துத்தநாகத்தில் பிடிப்பதற்கென்றே உள்ள பிரைமர் முதலில், இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். அப்புறம் நம் ஊர் ஈரம். மழை பெய்து விட்ட சாயங்காலம் ஸ்ப்ரே அடித்தால் மேலே வெள்ளையாகப் பனி படிந்துவிடும், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

ஹாட் ராட் வடிவத்துக்கு 1932 ஃபோர்டை மனதில் வையுங்கள். அந்த வருடம் ஃபோர்டு மலிவான காரிலேயே வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தது. பிறகு கலிஃபோர்னியாப் பையன்கள் அதைப் பழசாக வாங்கி, வேகத்துக்காக மட்கார்டையும் பானெட்டையும் கழற்றி எறிந்து, கூரையை வெட்டித் தாழ்த்தினார்கள். நீங்களும் முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் பெரியது போட்டு மூக்கைத் தாழ்த்துங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கூரை வெட்டுவது மெல்லிய ரம்பத்தில், நான்கு தூணிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும், அதை இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கார்களின் அடித்தட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், எதைக் கட்டலாம் என்று சொல்கிறேன்.