பூங்காவில் முதன்முறை டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம்) ஆட எத்தனை தட்டு வேண்டும்?

ஒன்றே போதும்: பட்டர் (putter), அதாவது கிட்டத்திலிருந்து கூடையில் போடுவதற்கான தட்டு. தொலைதூரம் வீசுவதற்கான டிரைவர் வகைத் தட்டு கண்ணைப் பறிக்கும். ஆனால் வேகம் வராத கையில் அது சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து புதருக்குள் போய்விடும். (நான் ஆடிய நேரத்தைவிடத் தேடிய நேரம் அதிகம்.)

9 கூடைகள் கொண்ட சிறிய திடலில் பெரும்பாலும் எல்லாமே பார் 3தான், அதாவது ஒவ்வொரு கூடைக்கும் மூன்று வீச்சு என்பது கணக்கு. வலது கைக்காரர் பேக்ஹேண்டாக (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக) வீசினால் தட்டு கடைசியில் இடப்பக்கம் இறங்கும். கூடைக்குச் சற்று வலப்புறம் குறிவையுங்கள். தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு. கூடைக்குத் தொலைவில் இருப்பவரே முதலில் வீச வேண்டும். 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசிய வேகத்தில் முன்னால் கால் வைக்கக்கூடாது. நிலையாக நின்ற பிறகே நகரலாம். கூடைக்கு மேல் தொங்கும் சங்கிலியில் பட்டு வெளியே தெறித்தால் அந்தக் கூடை முடிந்ததாகாது, மறுபடி வீச வேண்டும். நடைப்பயிற்சிக்காரர்கள் குறுக்கே வந்தால், அவர்கள் கடக்கும்வரை தட்டு கையிலேயே இருக்கட்டும்.