குறி ஏன் தாண்டி ஓடுகிறது?

கேள்வி: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆடும்போது, திரை நடுவிலுள்ள குறி எதிரியின் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. மவுஸ் டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு மவுஸ் அனுப்பும் புள்ளிகள்) 1600, சென்சிட்டிவிட்டி (விளையாட்டுக்குள் வைக்கும் திரும்பும் வேகம்) 2.5. எதைக் குறைப்பது?

பதில்: இரண்டையும் பெருக்கினால் 4000. மவுஸ் 10 செ.மீ. நகர்ந்தாலே விளையாட்டில் முழுச்சுற்று திரும்பிவிடுவீர்கள். மணிக்கட்டு லேசாக அசைந்தாலும் குறி தப்பும். டிபிஐ 800, சென்சிட்டிவிட்டி 1 என வையுங்கள். முழுச்சுற்றுக்கு 52 செ.மீ. ஆகும். முழங்கையிலிருந்து கை நகர வேண்டும். என் மேசையில் விசைப்பலகையைச் சாய்த்து வைத்துத்தான் அதற்கு இடம் கண்டேன்.

விளையாட்டில் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக நடந்தபடி அதை விடாமல் பிடியுங்கள். குறி பிந்தினால் சென்சிட்டிவிட்டியைச் சற்றுக் கூட்டுங்கள், முந்தினால் குறையுங்கள். பிறகு இரண்டு வாரம் அந்த எண்ணைத் தொடவே வேண்டாம். கை பழக அவகாசம் கொடுங்கள். இதே வகை விளையாட்டான வாலரன்ட் ஆடுவதானால் அதே சென்சிட்டிவிட்டி எண்ணை 3.18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.