எக்கோவில் 39, எம்.ஆர்.ஐ.யில் 36: எது சரி?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள ஓர் எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் எழுதப்பட்ட கடிதங்களே இந்த முறை அதிகம். அதனால் இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் மிகப் பெரிய குழாயான பெருந்தமனியின் அளவு பற்றியே பெரும்பாலும் பதில் சொல்கிறேன்.

கே: என் கணவருக்கு வயது 58. பிபி உண்டு. போன வருடம் எக்கோவில் (ஒலி அலையில் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பெருந்தமனி 39 மி.மீ., லேசான விரிவு என்று எழுதினார்கள். இந்த வருடம் எம்.ஆர்.ஐ.யில் 36 என்கிறார்கள். மாத்திரையில் சுருங்கிவிட்டதா? இல்லை, யாராவது தப்பாக அளந்துவிட்டார்களா?
– வாசகி, பெரம்பூர்

ப: சுருங்கவில்லை அம்மா. விரிந்த பெருந்தமனியை மாத்திரை சுருக்காது. மேலும் விரியாமல் காப்பதுதான் பிபி மாத்திரையின் வேலை. அதற்காக யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டும் சரியாகவே இருக்கலாம்.

எக்கோவில் குழாயின் முன்சுவருடைய வெளி விளிம்பில் தொடங்கி, பின்சுவரின் உள் விளிம்பு வரை அளப்பது பழைய வழக்கம். அதாவது ஒரு பக்கச் சுவரின் கனமும் கணக்கில் சேர்ந்துவிடும். எம்.ஆர்.ஐ.யில் பெரும்பாலும் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை, ரத்தம் ஓடும் இடத்தை மட்டும் அளப்போம். இதிலேயே 2 மி.மீ. போய்விடும்.

அடுத்தது, நேரம். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது பெருந்தமனி விரியும், ஓய்வெடுக்கும்போது பழைய அளவுக்குத் திரும்பும். மார்பில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டைகள் இதற்குத்தான். எந்தத் துடிப்பின் எந்தக் கணத்தில் எடுத்த படம் என்று இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். இருபது வயதுக்காரருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வயது ஏற ஏறக் குழாய் விறைத்துப்போவதால் குறைந்துகொண்டே வரும்.

மூன்றாவதுதான் நான் மிகவும் கவனிக்கிற விஷயம். முருங்கைக்காயை நேராக நறுக்கினால் வட்டம், சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம். காய் அதேதான், ஆனால் சாய்த்து வெட்டியதில் நீளவாக்கில் அளந்தால் எண் கூடும். பெருந்தமனி இதயத்திலிருந்து நேராக மேலே போவதில்லை. வலப்பக்கம் சாய்ந்து ஏறி, வளைந்து பின்னால் இறங்குகிறது. எம்.ஆர்.ஐ.யின் பெரிய பலமே, எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம் என்பதுதான். கன்சோலில் டெக்னீஷியன் முதலில் இரண்டு நீளவாக்குப் படங்களை எடுத்து, இரண்டிலும் குழாய்க்குக் குறுக்கே செங்குத்தாகக் கோடு போடுவார். கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் திரையில் முட்டை வடிவம் வரும். கோட்டைத் திருப்பத் திருப்ப அது வட்டமாகும். அந்த வட்டத்தில் அளந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

இன்னொன்று, எந்த இடத்தில் அளந்தார்கள்? பெருந்தமனி தொடங்கும் இடத்தில் உள்ள வால்வுக்கு மேலே குமிழ் போல இருக்கும் பகுதிதான் பொதுவாக அகலம். அதைத் தாண்டினால் சற்றுக் குறுகும். ஒரு ரிப்போர்ட் குமிழின் அளவையும் மற்றொன்று அதற்கு மேலுள்ள அளவையும் சொல்லியிருந்தால் ஒப்பிடவே முடியாது.

உங்கள் கணவருக்கு 36 என்பது கவலைப்படும் அளவு இல்லை. பிபியைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அதே முறையில் எடுத்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் அளவெடுப்பிலேயே வரும். அதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: என் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் பெருந்தமனி ஒரே அளவு, 38 மி.மீ. மாமாவை 'ஒன்றுமில்லை, போங்க' என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவை மட்டும் ஆறு மாதத்தில் வரச் சொல்கிறார்கள். ஏன்?
– வாசகர், அம்பத்தூர்

ப: அம்மா 152 செ.மீ., 50 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். மாமா 178 செ.மீ., 80 கிலோ. உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடலின் மேற்பரப்பு வரும். அம்மாவுக்குச் சுமார் 1.45 சதுர மீட்டர், மாமாவுக்கு 1.99. இப்போது 38ஐ வகுத்துப் பாருங்கள். அம்மாவுக்கு 26, மாமாவுக்கு 19. இது 22ஐத் தாண்டினால் விரிவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அம்மாவைக் கூப்பிட்ட டாக்டர் நல்ல டாக்டர். கட்டாயம் போங்கள்.

நார்மல் என்பது எல்லோருக்கும் ஒரே எண் இல்லை. ஆண், பெண், வயது, உடல்வாகு எல்லாம் சேர்ந்ததுதான். எம்.ஆர்.ஐ.க்கென்றே இப்படிப் பிரித்துத் தொகுத்த அட்டவணைகள் 2015லும், விரிவாக்கப்பட்டு 2020லும் வெளிவந்தன. ஆனால் அவற்றில் உள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய நாட்டவர்களிடம் செய்யப்பட்டவை. நம் ஊர் மெலிந்த, குள்ளமான பெண்களுக்கு வெறும் மி.மீ.யை மட்டும் வைத்து 'நார்மல்' என்று முத்திரை குத்துவது எனக்குச் சம்மதமில்லை. ரிப்போர்ட்டில் உயரமும் எடையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

மிகப் பருமனானவர்களுக்கு நேர்மாறான சிக்கல் உண்டு. எடை கூடியதால் வகுத்த எண் சின்னதாகி, விரிவு மறைந்துபோகும். அவர்களுக்கு உயரத்தை மட்டும் வைத்துப் பார்ப்பது நல்லது.

கே: அடைப்பு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் அளந்து சொல்ல முடியாதா? ரேடியேஷன் இல்லையே!
– வாசகர், மயிலாப்பூர்

ப: ரேடியேஷன் இல்லை என்பது உண்மை. ஆனால் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய் தொடங்கும் இடத்திலேயே 3, 4 மி.மீ.தான். அதுவும் துடிப்போடும் மூச்சோடும் ஆடிக்கொண்டே இருக்கும். எங்கிருந்து கிளம்புகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதை எம்.ஆர்.ஐ. நன்றாகக் காட்டும். அடைப்பைப் பார்க்க சி.டி. ஆஞ்சியோதான் தெளிவு.

கே: ஸ்டென்ட் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

ப: இப்போது வைக்கும் ஸ்டென்ட்களுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஸ்டென்ட் கார்டைக் கையில் கொண்டுபோங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கே: என் தம்பிக்கு வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்தான் இருக்கிறதாம், பெருந்தமனியும் 47 மி.மீ. அவனுக்கு எட்டு வயதில் ஒரு மகன். பையனுக்கும் பார்க்க வேண்டுமா?
– வாசகி, வியாசர்பாடி

ப: பார்க்க வேண்டும். பையனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். இரண்டு இதழ் வால்வு நூறில் ஒருவருக்காவது இருக்கிறது, குடும்பத்தில் தொடரவும் செய்யும். முதலில் எக்கோ போதும். பையனுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலேயே பார்க்கலாம். வளரும் பிள்ளைக்குக் குழாயும் வளரும். அதனால் மி.மீ.யைக் கேட்காதீர்கள், 'இசட் ஸ்கோர் எவ்வளவு?' என்று கேளுங்கள். அதே உடல்வாகுள்ள பிள்ளைகளின் சராசரியிலிருந்து அளவு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. மைனஸ் 2க்கும் பிளஸ் 2க்கும் இடையில் இருந்தால் சரி.

தம்பிக்கு 47 என்பதால் இன்றைக்கே ஆபரேஷன் என்று பதற வேண்டாம். பொதுவாக 55 மி.மீ. நெருங்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். குடும்பத்தில் யாருக்காவது பெருந்தமனி கிழிந்திருந்தாலோ, வருடத்துக்கு வருடம் வேகமாக விரிந்தாலோ அதற்கு முன்பே யோசிப்பார்கள். இதுவரை எக்கோ மட்டும்தான் எடுத்திருக்கிறார் என்றால், முழுப் பெருந்தமனியையும் ஒருமுறை எம்.ஆர்.ஐ.யிலோ சி.டி.யிலோ பார்த்து வைத்துக்கொள்ளட்டும். புகை பிடித்தால் இன்றே நிறுத்தட்டும், மூச்சை அடக்கிக் கனமான எடை தூக்க வேண்டாம். திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல வலி வந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதுமே '47 மி.மீ. பெருந்தமனி' என்று சொல்லிவிடுங்கள்.