சிஎஃப்டி படிக்க மென்பொருள் வகுப்பு முதலில் வேண்டாம்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் சிஎஃப்டி (கணினிவழிப் பாய்ம இயக்கவியல்) பக்கம் போக ஆசைப்படுகிறார், மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. ஆசை நல்ல ஆசை. வகுப்பு மட்டும் இப்போது வேண்டாம்.

காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் இந்தத் துறை. விமான இறக்கை, பம்பு, ரத்த ஓட்டம், வானிலை எல்லாவற்றுக்கும் இது தேவை. சமன்பாடுகள் பழையவை: உராய்வில்லாத பாய்மத்துக்கு (ஓடும் திரவம், வாயு) ஆய்லர் 1757இல் எழுதினார். நேவியர் 1822இல் பாகுத்தன்மையை, அதாவது பாய்மத்தின் உள் உராய்வைச் சேர்த்தார், ஸ்டோக்ஸ் 1845இல் செம்மைப்படுத்தினார். ஆனால் நிஜமான ஓட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றைக் காகிதத்தில் தீர்க்க வழியில்லை. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து (இதைத்தான் வலை என்பார்கள்), எண்களைப் போட்டுப் படிப்படியாகத்தான் கணக்கிட வேண்டும்.

அப்படி முயன்றவர்களில் ஆங்கிலேய விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனைப் பற்றி மகள் அவசியம் படிக்கட்டும். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்துகொண்டே, 1910ஆம் ஆண்டின் ஒரு நாள் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. அவர் எடுத்துக்கொண்ட தொடக்க அளவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, கோளாறு அங்கேதான். அந்தத் தவறான விடையை மறைக்காமல் 1922இல் தன் நூலிலேயே வெளியிட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு.

இன்றைய மென்பொருளும் தவறான விடையைத் தரும், அழகான வண்ணத்தில் தரும். அதனால்தான் நேர்முகத் தேர்வில் "வலையை இன்னும் நுணுக்கினால் விடை மாறுகிறதா? எந்தச் சோதனை முடிவோடு ஒப்பிட்டாய்?" என்று கேட்பார்கள்.

மகள் முதலில் பைத்தானில் ஒரு பரிமாண அலை நகர்வுக்கு ஒரு சின்ன நிரல் எழுதட்டும். எளிய முறையில், ஒரே படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டும் அளவுக்கு நேர இடைவெளியைக் கூட்டினால் எண்கள் தாறுமாறாகப் பெருகும். கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணித அறிஞர்கள் மூவரும் 1928இல் சொன்னது இதைத்தான். தன் திரையில் ஒருமுறை அதைப் பார்த்தவர் பிறகு எந்த விடையையும் கண்மூடி நம்பமாட்டார். அடுத்து, மேல்மூடி நகரும் சதுரப் பெட்டிக்குள் நடக்கும் ஓட்டத்தைக் கணக்கிட்டு, இதே ஓட்டத்துக்குக் கியா என்ற ஆய்வாளரின் குழு 1982இல் வெளியிட்ட முடிவுகளோடு ஒப்பிடட்டும். ஓப்பன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருள் இலவசம், அதை இதற்குப் பிறகு தொட்டால் போதும்.

முழுநேர சிஎஃப்டி வேலைக்குப் பல இடங்களில் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை அந்த விண்ணப்பங்களுக்கு எடுத்து வையுங்கள்.