குளக்கரையில் பிடித்த தங்க நிற வண்டு டப்பாவில் செத்ததும் நிறம் மங்கிவிட்டது, ஏன்?

அந்தத் தங்கத்தில் சாயம் கிடையாது, அதுதான் காரணம். சூலூர்ப் பக்கம் நெய்வேலிக் காட்டாமணக்கு இலையில் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆமை வண்டு. கொங்குப் பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்துக் கொடுக்காப்புளித் தழை போட்டு வளர்க்கும் பொன்வண்டு வேறு இனம். அது செத்து வருடக்கணக்கில் கிடந்தாலும் பளபளப்பு போகாது.

ஆமை வண்டின் முதுகு ஓடு மெல்லிய பல அடுக்குகளால் ஆனது. அடுக்குகளுக்குள் ஈரம் இருக்கும்வரை ஒளி பட்டுத் திரும்பித் தங்கமாக மின்னும். ஈரம் வற்றினால் ஒளி ஊடுருவிப்போய் அடியிலிருக்கும் நிறம் தெரியும். பனாமா நாட்டு இனம் ஒன்றை ஆராய்ந்து 2007இல் இதை விளக்கினார்கள். அதைச் சீண்டினால் ஓட்டிலிருக்கும் ஈரத்தை வெளியேற்றிவிட்டுச் சில நிமிடங்களில் சிவப்பாகிவிடும். உங்கள் டப்பாவில் செத்த வண்டுக்கு ஓடு காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், தங்கத்தைவிடப் பார்க்க வேண்டியது அதன் புழுவை. வாலில் ஒரு கவை இருக்கிறது. உரித்த பழைய தோலையும் தன் எச்சத்தையும் அதில் சேர்த்து முதுகுக்கு மேலே மடக்கி வைத்துக்கொள்ளும். எறும்பு வந்தால் அந்த மூட்டையைத் தூக்கி அதன் பக்கம் ஆட்டும். எங்கள் அப்புச்சி வள்ளிக்கொடியில் இதைப் பார்த்தால் குருவி எச்சம் என்று தாண்டிப் போய்விடுவார். பறவைகளும் அப்படியே ஏமாந்தால் புழுவுக்கு லாபம்தான்.

நெய்வேலிக் காட்டாமணக்கு, வள்ளைக்கீரை, சர்க்கரைவள்ளி மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் மூன்றிலும் இந்த வண்டுகள் மேயும். இலையில் நாலு ஓட்டை விழுந்ததற்காக மருந்து அடிக்க ஓடாதீர்கள். வள்ளிக்கிழங்குக்கு உண்மையான எதிரி கிழங்கையே துளைக்கும் கூன்வண்டு. காட்டாமணக்கோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் குளங்களை அடைத்த செடி, ஆடு தின்றால் ஆட்டுக்கே ஆபத்து. அதை ஆமை வண்டு ஒழித்துக்கட்டும் என்று நம்பவும் வேண்டாம். இலை போனாலும் குச்சி மறுபடி தழைத்துவிடும்.

அடுத்த முறை படம் எடுப்பதென்றால் இலையில் இருக்கும்போதே எடுங்கள். தொட்டால் ஓட்டின் விளிம்பை இலையோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், பிடுங்க வேண்டாம். ஃப்ளோரிடாவில் இதன் உறவுக்கார வண்டு ஒன்று, தன் எடையைப்போல் சுமார் அறுபது மடங்கு விசையில் இழுத்தாலும் இரண்டு நிமிடம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதத்தில் எண்ணெய் தடவிய ஆயிரக்கணக்கான மயிர்கள் இருப்பதால்தான் அந்தப் பிடி.